ரீசெற் செய்த போன் பழைய கூகிள் கணக்கைக் கேட்கிறது, விற்றவர் கட்டாரில். என்ன வழி?

வவுனிக்குளத்துப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் இடம் மல்லாவிப் பக்கம். ஒரு போன் விசயமாக உதவி வேண்டும்.

அம்மாவுக்கு என்று ஒரு சம்சுங் ஏ13 போனை 24,000 ரூபாவுக்கு வாங்கினோம். விற்றவர் தெரியாத ஆள் இல்லை, எங்கள் வயலுக்கு அறுவடை மெஷின் கொண்டுவந்து ஓட்டுகிறவர். கட்டாரில் வேலை சரிவந்ததும் புதுப் போன் எடுத்துக்கொண்டு இதை எங்களுக்குத் தந்துவிட்டுப் போனார். அவர் போட்டிருந்த பற்றன் லொக்கையும் (புள்ளிகளை இணைத்துக் கீறும் பூட்டு) சொல்லித் தந்தார். அம்மாவுக்குத் தேவை வட்ஸ்அப் மட்டும்தான். சுவிஸிலிருந்து அண்ணா எடுப்பார், முகம் பார்த்துக் கதைக்க வேண்டும். அதனால் வேறு எதையும் மாற்றாமல் அப்படியே பாவித்தோம்.

இடையில் அக்காவின் மகன், நாலாம் வகுப்புப் படிக்கிறவன், கேம் விளையாடுவது தெரியக் கூடாது என்று பற்றனை மாற்றிவிட்டான். இப்போது கேட்டால் தெரியாது என்கிறான். பக்கத்து வீட்டுத் தம்பி பவர் பொத்தானையும் சத்தம் கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்தி ரீசெற் செய்து தந்தான். போன் புதிது போல எழும்பியது. மொழி கேட்டது, வைஃபை கேட்டது, அப்புறம் இந்தச் சாதனம் மீட்டமைக்கப்பட்டிருக்கிறது, முன்பு இதில் இருந்த கணக்கில் நுழையுங்கள் என்று சொல்லி நின்றுவிட்டது. புதுக் கணக்குப் போட்டால் ஏற்கவில்லை.

கட்டாருக்கு எடுத்துக் கேட்டேன். அவர் சொன்னது: “தங்கச்சி, எனக்கு ஜிமெயில் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கிளிநொச்சியில் வாங்கினபோது கடைப் பெடியன்தான் எல்லாம் போட்டுத் தந்தவன்.” அவருடைய மனைவி யோகபுரத்தில் இருக்கிறா. போன் வந்த பெட்டி அவவிடம் இருக்குமாம்.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். 4,500 ரூபா தந்தால் இந்தப் பூட்டை உடைத்துத் தருவோம் என்கிறார்கள். கொடுக்கலாமா? அம்மா தினமும் கேட்டுக்கொண்டே இருக்கிறா.

ஏ9 பயணி:

யோசிக்காமல் கொடுங்கள் அக்கா. என்னுடைய ரெட்மிக்கும் இதுதான் நடந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் திறந்து வைத்திருந்தார்கள். காசு மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் யூடியூப்பில் தேடினால் நூறு வீடியோ இருக்கிறது.

மாங்குளம் சந்தி:

தங்கச்சி, கடைக்கு இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். அந்தக் கணக்கு எங்கேயோ உயிரோடு இருக்கிறது. முதலில் அதைத் தேடிப் பார்ப்போம்.

நான் கிளிநொச்சியில் ஒரு போன் திருத்தும் கடையில் வேலை பழகி, பிறகு மாங்குளத்தில் சொந்தமாக ஒன்று போட்டவன். இந்தப் பிரச்சினையோடு என்னிடம் வருகிறவர்களில் கள்ளப் போன் கொண்டுவருகிறவர் குறைவு. அனேகம் பேர் சொந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள் போக முடியாமல் நிற்பவர்கள். காரணம் உங்கள் அறுவடை அண்ணர் சொன்னதுதான்.

2009 வரை வன்னிக்குள் கைபேசி என்ற ஒன்று இல்லை என்றே சொல்லலாம். அதன் பிறகு வந்த வேகத்தில் சனம் கீபோர்ட் போனுக்குப் போய், அங்கிருந்து தொடுதிரைக்குத் தாவிவிட்டது. மின்னஞ்சல் இடையில் வரவேயில்லை. போன் வாங்க வந்த ஐயாவிடம் ஜிமெயில் இருக்கிறதா என்று கேட்டால், “அது என்ன தம்பி, அதையும் நீயே போட்டுவிடு” என்பார். பின்னால் ஆட்கள் நிற்பார்கள். கடைப் பெடியன் வாயில் வந்த ஒரு பெயரை அடிப்பான், வந்தவரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுப்பான், தனக்குப் பழக்கமான ஒரு கடவுச்சொல்லைப் போடுவான், முடிந்தது. பெயர் இருக்கும் இடத்தில் கடையின் பெயரே இருந்த கணக்குகளையும் பார்த்திருக்கிறேன். வாங்கியவருக்குக் கணக்கு ஒன்று பிறந்ததே தெரியாது. அந்தக் கடைகளைக் குறை சொல்லலாம், ஆனால் அன்றைக்கு அதைச் செய்யாமல் விட்டிருந்தால் பாதிப் பேருக்குப் போனே இயங்கியிருக்காது.

இப்போது பூட்டைப் பற்றி. பொத்தான்களை அழுத்திச் செய்யும் ரீசெற் படங்கள், செயலிகள், பற்றன் எல்லாவற்றையும் துடைக்கும். ஆனால் கடைசியாக எந்தக் கூகிள் கணக்கு இருந்தது என்ற அடையாளம் போனுக்குள் தனியான ஒரு சிறு பகுதியில் கிடக்கும். அந்த ரீசெற் அதைத் தொடாது. செற்றிங்ஸுக்குள் போய் ரீசெற் கொடுத்திருந்தால் முதலில் பற்றனைக் கேட்டிருக்கும். சரியாகப் போட்டால் உரியவர்தான் என்று தெரிந்து அந்த அடையாளத்தையும் சேர்த்து அழித்திருக்கும். 2015 இல் ஆண்ட்ராய்ட் 5.1 வந்ததிலிருந்து இந்த ஏற்பாடு உண்டு. களவெடுத்தவன் செய்யக்கூடிய முதல் வேலை பொத்தானை அழுத்தி ரீசெற் செய்வதுதானே, அதற்காகத்தான்.

சரி, தேடுவோம். மிகச் சுலபமானதை முதலில் சொல்கிறேன். உங்கள் மருமகன். கணக்கு கேட்கும் அந்தத் திரையிலேயே, பழைய பற்றனைப் போட்டும் உறுதிப்படுத்தலாம் என்று ஒரு வழி காட்டியிருக்கும், வடிவாகப் பாருங்கள். அவன் கடைசியாகப் போட்ட பற்றன் போதும். பிள்ளையை ஏசாமல் ஒரு தாளில் ஒன்பது புள்ளி வைத்துக் கொடுத்துக் கீறச் சொல்லுங்கள். வாயால் சொல்லச் சொன்னால் தெரியாது என்றுதான் சொல்வான், விரலுக்கு ஞாபகம் இருக்கும். இந்த வயதுப் பிள்ளைகள் அனேகமாகத் தங்கள் பெயரின் முதல் ஆங்கில எழுத்தைத்தான் கீறுவார்கள்.

அது சரிவராவிட்டால் யோகபுரத்துக்குப் போய் அந்தப் பெட்டியைப் பாருங்கள். மேலே இல்லை, மூடியைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். கிளிநொச்சியில் சில கடைகளில் ஜிமெயில் முகவரியை அங்கே பேனையால் எழுதிவிடுவார்கள். நான் பழகிய கடையில் முதலாளி அதைக் கட்டாயமாகவே வைத்திருந்தார். உத்தரவாத அட்டையின் பின்புறத்தையும் விட வேண்டாம்.

அடுத்தது அவரின் மனைவியின் போன். ஒரே ஜிமெயிலை வீட்டில் எல்லாப் போனிலும் போட்டு வைத்திருப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். அவவின் போனில் செற்றிங்ஸ், அதற்குள் கூகிள் என்று இருப்பதைத் தட்டினால் என்ன முகவரி என்று தெரிந்துவிடும்.

எங்கும் இல்லாவிட்டால் கூகிளில் உள்நுழையும் பக்கத்தில் மின்னஞ்சலை மறந்துவிட்டீர்களா என்று ஒரு இணைப்பு இருக்கும். அங்கே தொலைபேசி இலக்கமும் கணக்கில் உள்ள பெயரும் கேட்கும், பிறகு அந்த இலக்கத்துக்கு ஒரு குறியீடு வரும். அப்போதுதான் கடையின் பெயரையும் போட்டுப் பார்க்கச் சொல்வேன். அவருடைய பழைய சிம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள், முழு விசயமும் அதில்தான் தொங்குகிறது. சிம் தொலைந்திருந்தால், யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் அடையாள அட்டையோடு போனால் அதே இலக்கத்துக்குப் புது சிம் தருவார்கள், இலக்கம் செயலிழக்காமல் இருக்க வேண்டும்.

உடைக்கும் கதையைப் பற்றி. பயணித் தம்பி சொல்கிற மாதிரி வேலை நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. பழைய மென்பொருளில் ஓட்டை இருக்கும், அதற்குள்ளால் புகுந்து போவார்கள். ஆனால் ஒவ்வொரு பாதுகாப்புப் புதுப்பிப்பும் ஒரு ஓட்டையை அடைக்கிறது, ஆண்ட்ராய்ட் 15 இல் தொடக்க அமைப்பைத் தாண்டிக் குதித்தாலும் பூட்டு விடாத மாதிரி இறுக்கிவிட்டார்கள். யூடியூப் வீடியோக்காரர் இறக்கச் சொல்லும் செயலிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நாளைக்கு அந்தப் போனுக்குத்தான் வங்கியின் குறியீடு வரப்போகிறது. இன்னொன்று, பெட்டி, பில் எதையும் கேட்காமல் 4,500 ரூபாவுக்கு உங்களுக்குத் திறந்து தருகிறவர், வற்றாப்பளைப் பொங்கல் சனத்துக்குள் உங்கள் பையிலிருந்து எடுத்துக்கொண்டு போனவனுக்கும் அதே விலைக்குத் திறந்து கொடுப்பார். நான் பெட்டியில் உள்ள ஐஎம்இஐ இலக்கம், அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள இலக்கம், போனோடு ஒத்துப் போகாமல் கை வைப்பதில்லை. அதனால் போன வியாபாரம் போகட்டும்.

ஏ9 பயணி:

அண்ணை, பூட்டிய போனில் ஐஎம்இஐ எப்படிப் பார்ப்பீர்கள்?

மாங்குளம் சந்தி:

அவசர அழைப்பு என்று கீழே இருக்கும், அதைத் தட்டி *#06# அடித்தால் பல போன்களில் வரும். சில போன்களில் சிம் தட்டிலேயே அச்சடித்திருக்கும். வாங்குவதற்கு முன்னரே பார்த்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். களவுப் போனா என்று அது சொல்லாது, இரண்டையும் குழப்ப வேண்டாம். தொலைந்த போனுக்கு முறைப்பாடு கொடுக்கப் பொலிஸாரின் ஐநீட் தளம் வேறாக இருக்கிறது.

முள்ளியவளை ரீச்சர்:

இதே தலைப்பில் ஐபோன்காரருக்கும் ஒன்று எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கம் பழைய ஐபோன் என்றால் அது கனடாவில் அல்லது லண்டனில் இருந்துதான் வருகிறது. சூட்கேசுக்குள் உடுப்புக்கு நடுவில் சுற்றி அனுப்புவார்கள், போன் பத்திரமாக வரும், கடவுச்சொல் வராது.

என் மச்சான் ரொறன்ரோவில் இருந்து ஒன்று கொடுத்து அனுப்பினார். அழித்துவிட்டுத்தான் தந்தேன் என்றார், ஆனால் திறந்தால் உரிமையாளருக்குப் பூட்டப்பட்டது என்று காட்டி, ஒரு மின்னஞ்சலின் முதல் எழுத்தையும் மிச்சத்துக்குப் புள்ளிகளையும் போட்டிருந்தது. அவருடையதில்லை, மகளுடைய கணக்கு. அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்தில் இருந்தபடி கணினியில் அப்பிளின் ஐகிளவுட் தளத்துக்குள் போய், போனைத் தேடும் பகுதியில் இந்த ஐபோனைத் தன் கணக்கிலிருந்து அகற்றியது. இங்கே நான் போனை நிறுத்தித் திரும்பப் போட்டேன், சரி. போன் அங்கே போக வேண்டியதில்லை, கடவுச்சொல்லை யாருக்கும் சொல்ல வேண்டியதும் இல்லை. ஐபோனில் இதுதான் வசதி. 2013 இல் ஐஓஎஸ் 7 வந்ததிலிருந்து போனைத் தேடும் வசதியோடு சேர்ந்து தானாக வருகிற பூட்டு இது.

உரியவர் கிடைக்கவே இல்லை என்றால் அப்பிளிடமே கேட்கலாம். ஆனால் அவர்கள் கேட்பது முதன்முதலில் வாங்கிய பற்றுச்சீட்டு. அப்பிளோ அதன் அங்கீகாரம் பெற்ற கடையோ கொடுத்ததாக இருக்க வேண்டும், அதில் போனின் தொடரிலக்கமோ ஐஎம்இஐயோ இருக்க வேண்டும். கை மாறி வாங்கினபோது துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கியது செல்லாது.

சிம் பூட்டு இதிலிருந்து வேறு விசயம், அதையும் சொல்ல வேண்டும். போன் நன்றாகத் திறக்கும், ஆனால் எங்கள் சிம்மைப் போட்டால் எடுக்காது. அங்கே ஒப்பந்தத்தில் எடுத்த போன் என்றால் அந்த நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் கட்டி வைத்திருப்பார்கள். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் விற்கும் போன்களைப் பூட்டாமல்தான் கொடுக்க வேண்டும், பிரித்தானியாவில் 2021 டிசம்பரில் இருந்து அப்படி. அதற்கு முந்திய போன் என்றால் அனுப்புகிறவரையே அங்குள்ள நிறுவனத்தோடு கதைக்கச் சொல்லுங்கள். இங்கே இருந்துகொண்டு நாங்கள் மல்லுக்கட்டுவதில் பிரயோசனம் இல்லை.

பிள்ளை, உங்கள் அம்மாவின் போன் என்ன ஆயிற்று?

வவுனிக்குளத்துப் பிள்ளை:

மருமகனுக்கு ஒன்பது புள்ளி வைத்துக் கொடுத்தேன். அவன் வடிவாகக் கீறினான், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பற்றன்! அதை விட்டுவிட்டு யோகபுரத்துக்குப் போனேன். மாங்குளம் அண்ணை சொன்ன மாதிரியே மூடியின் உள்பக்கத்தில் நீலப் பேனையால் முகவரி இருக்கிறது. கடவுச்சொல் எழுதவில்லை. முகவரியைப் பார்த்தால் அந்த அண்ணரின் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, பிறகு ஏதோ இலக்கம்.

பழைய சிம் அவரின் மனைவி, அந்த யோகபுரத்து அக்காவின் போனில்தான் கிடக்கிறது. குறியீடு வந்தால் வாசித்துச் சொல்கிறேன் என்கிறா. ஆனால் கட்டாரில் உள்ளவருக்கு ஒரு யோசனை, இந்தக் கணக்கில் தன் படங்களும் நம்பர்களும் இருக்குமே, கடவுச்சொல்லை நான் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று. அவர் கேட்பதும் நியாயம்தான். எப்படிச் செய்யலாம்?

மாங்குளம் சந்தி:

அவர் கேட்பது நூற்றுக்கு நூறு சரி. ஆகையால் கடவுச்சொல்லை மாற்றும் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம், அந்த அக்காவே செய்யட்டும், அவர் வட்ஸ்அப்பில் லைனில் இருக்கட்டும்.

வேலையை யோகபுரத்தில், அக்காவின் போனிலேயே செய்யுங்கள். கூகிள் பழக்கமான இடம், பழக்கமான போன் என்று பார்க்கும். மல்லாவியில் புது லப்டொப்பில் இருந்து முயன்றால் சந்தேகப்படும், கட்டாரில் இருந்து முயன்றால் இன்னும் கூடச் சந்தேகப்படும். முகவரியைப் போட்டு, கடவுச்சொல் மறந்துவிட்டது என்று கொடுத்தால் அந்த சிம்முக்குக் குறியீடு வரும். அதை அக்கா போட்டுப் புதுக் கடவுச்சொல் வைக்கட்டும். கேட்டவுடன் விடாவிட்டால் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்க வேண்டாம், கூடக்கூட முயன்றால் கொஞ்ச நேரத்துக்குக் கதவை மூடிவிடும். சுணங்கி முயலுங்கள்.

கடவுச்சொல் மாறியதும் ஓடிப்போய் அம்மாவின் போனில் போட வேண்டாம். புதுக் கடவுச்சொல் எல்லாப் போன்களுக்கும் போய்ச் சேர 24 மணித்தியாலம் வரை ஆகலாம் என்று கூகிளே சொல்கிறது. அடுத்த நாள் பின்னேரம் போனை அக்காவிடம் கொண்டுபோங்கள். அவவே தன் கையால் அடிக்கட்டும், நீங்கள் பார்க்கக்கூடத் தேவையில்லை. உள்ளே போனதும் செற்றிங்ஸ், கணக்குகள், அந்த முகவரியைத் தட்டி அகற்று. அதன் பிறகு உங்கள் கைக்கு வரும்போது போன் சுத்தம்.

ஏ9 பயணி:

ரீச்சர், அண்ணை, இரண்டு பேரும் எழுதியதைச் சேமித்து வைத்திருக்கிறேன். என் ரெட்மியில் அந்தக் கடைக்காரர் போட்ட செயலி ஒன்று இன்னும் இருக்கிறது, அழிக்கப் போனால் அழிய மாட்டேன் என்கிறது. அதற்கு வேறு தலைப்புத் தொடங்குகிறேன்.

வவுனிக்குளத்துப் பிள்ளை:

திறந்துவிட்டது! அக்காதான் அடித்தா. எல்லாருக்கும் மிகவும் நன்றி.

ஆனால் கணக்கை அகற்றுவதற்கு முன்னரே வைஃபையில் படங்கள் எல்லாம் இறங்கத் தொடங்கிவிட்டன. மெஷின், வயல், மெஷினின் உடைந்த பெல்ட், அவரின் மகளின் பிறந்தநாள் என்று வந்துகொண்டே இருக்கிறது. எங்கள் அப்பாவும் ஒரு படத்தில் வரம்பில் நிற்கிறார், அது வேறு. அம்மா இதையெல்லாம் அழித்துவிடு, மற்றவரின் வீட்டு விசயம் என்கிறா. அழிக்கவா?

மாங்குளம் சந்தி:

அழிக்க வேண்டாம், அழிக்க வேண்டாம். கூகிள் போட்டோஸுக்குள் ஒரு படத்தை அழித்தால் அது அவருடைய கணக்கிலும் அழியும், கட்டாரில் இருந்து பார்த்தாலும் இருக்காது. படத்தைத் தொடாமல் கணக்கை மட்டும் போனில் இருந்து அகற்றுங்கள். படங்கள் கணக்கோடு போய்விடும், அங்கே பத்திரமாக இருக்கும். அப்பா நிற்கும் படம் வேண்டும் என்றால் அந்த அண்ணரிடமே கேட்டு வட்ஸ்அப்பில் வாங்குங்கள்.

அகற்றியதும் அம்மாவின் பெயரில், அம்மாவின் சிம் இலக்கத்தில் புதுக் கணக்கு ஒன்று போடுங்கள். மீட்புக்கு உங்கள் இலக்கத்தையும் சுவிஸ் அண்ணாவின் மின்னஞ்சலையும் கொடுங்கள். முகவரியைப் பெட்டி மூடியில் எழுதலாம், கடவுச்சொல்லை வேறு இடத்தில் எழுதுங்கள். பற்றனுக்குப் பதிலாக நாலு இலக்கத்துக்குக் குறையாத பின் (PIN) நம்பர் ஒன்று போடுங்கள், மருமகன் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

கட்டார் அண்ணரிடம், தன் புதுப் போனில் அந்தப் பழைய கணக்கையும் சேர்க்கச் சொல்லுங்கள். கணக்கு இருப்பதே தெரியாமல் இருந்தவர், மகளின் பிறந்தநாள் படங்கள் எல்லாம் அதற்குள்தான் கிடந்திருக்கின்றன.

வவுனிக்குளத்துப் பிள்ளை:

சேர்த்துவிட்டாராம். கடவுச்சொல்லையும் தானே திரும்ப மாற்றிக்கொண்டாராம். அம்மாவின் புதுக் கணக்கைப் போட்டாயிற்று. இப்போது வட்ஸ்அப்பில் பழைய செய்திகள் வரவில்லை, அண்ணா அனுப்பிய குரல் பதிவுகளும் இல்லை. அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

மாங்குளம் சந்தி:

ரீசெற் செய்வதற்கு முன்னர் வட்ஸ்அப் காப்புப் பிரதி எந்தக் கூகிள் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதில்தான் இருக்கிறது. அந்தப் பழைய கணக்குக்குப் போயிருந்தால், அம்மாவின் அதே இலக்கத்தில் வட்ஸ்அப்பைப் புதிதாக நிறுவும்போது அந்தக் கணக்கும் போனில் இருக்க வேண்டும். காப்புப் பிரதியே எடுக்கப்படாமல் இருந்தால் உங்கள் பக்கத்தில் ஒன்றும் செய்ய ஏலாது. அண்ணாவின் போனில் அந்த உரையாடல் அப்படியே இருக்கும், குரல் பதிவுகளை அங்கிருந்து திரும்ப அனுப்பச் சொல்லுங்கள்.